ஒரே நேரத்தில் மூன்று ஃபால்ட் கோடுகள்: எக்ஸ்கவேட்டரில் அந்த 5 வோல்ட் எங்கே போகிறது?

கேள்வி, 14 அக்டோபர் 2023

எங்களுடையது 20 டன் வகை எக்ஸ்கவேட்டர். க.பரமத்தி பக்கம் கல் குவாரியில் பிரேக்கர் (பாறை உடைக்கும் ஹைட்ராலிக் சுத்தியல்) பொருத்தி ஓட்டுகிறோம். ஒரு வாரமாக மானிட்டரில் மூன்று கோடுகள் சேர்ந்து வருகின்றன: எஸ்பிஎன் 3509 எஃப்எம்ஐ 4, எஸ்பிஎன் 100 எஃப்எம்ஐ 4, எஸ்பிஎன் 157 எஃப்எம்ஐ 4. வந்தவுடன் என்ஜின் இழுவை குறைந்துவிடுகிறது. ஆயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டோம். இப்போது ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது, அதை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

14 அக்டோபர், இரவு 8.40

மாற்ற வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து ஓர் இடத்திலாவது அளந்து பார்க்கும்வரை எதையும் வாங்க வேண்டாம்.

ஜே1939 என்பது கனரக இயந்திரங்களின் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் பொது முறை. அந்த முறையில் வரும் கோடு இரண்டு பகுதிகளைக் கொண்டது. எஸ்பிஎன் எந்தச் சுற்று என்பதைச் சொல்கிறது. எஃப்எம்ஐ அந்தச் சுற்றில் எவ்விதமான பிழை என்பதைச் சொல்கிறது. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல்; 4 என்றால் வோல்ட் அளவுக்குக் கீழ்; 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது ஓபன் (சுற்று அறுந்துவிட்டது); 6 என்றால் மின்னோட்டம் மிகுதி அல்லது எர்த் ஆகிவிட்டது. எஸ்பிஎன் 100 என்பது ஆயில் பிரஷர், 157 என்பது ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயின் அழுத்தம்). ஆகவே "100, 4" என்று வந்தால், கன்ட்ரோலரின் (அதாவது ஈசிஎம்மின்) குறிப்பிட்ட ஒரு பின்னில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வோல்ட் வந்தது என்பது மட்டுமே அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை.

உங்கள் மூன்று கோடுகளில் முதன்மையானது 3509. அது சென்சார்களுக்குக் கன்ட்ரோலர் கொடுக்கும் 5 வோல்ட் மின்வழங்கலின் பெயர். பிரஷர் சென்சார்களுக்குப் பொதுவாக மூன்று ஒயர்கள்: ஒன்றில் 5 வோல்ட் போகிறது, ஒன்று எர்த், மூன்றாவதில் ஏறக்குறைய 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல் திரும்பி வருகிறது. ஒரே 5 வோல்ட் கிளையில் பல சென்சார்கள் தொங்குகின்றன. அந்தக் கிளையில் எங்கேனும் ஓரிடத்தில் ஒயர் பாடியைத் தொட்டால் கிளை முழுவதும் வோல்ட் இழக்கும். அதிலிருக்கும் எல்லாச் சென்சார்களும் தங்கள் பங்குக்கு "4" என்று புகார் கொடுக்கும். அவை சாட்சிகள், குற்றவாளி வேறெங்கோ இருக்கலாம்.

என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை ஆன் நிலையில் வையுங்கள். ஆயில் பிரஷர் சென்சாரின் கப்ளரை (ஒயர் இணைப்பானை) கழற்றி, ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) பக்கத்தில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளக்கவும். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருந்தால் அந்த நேரத்தில் கிளை நலமாக இருக்கிறது. ஒன்றோ இரண்டோ வோல்ட் காட்டினால், மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு அதே கிளையிலுள்ள மற்றச் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சாருக்குள்தான் ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஹார்னஸில் தேட வேண்டும். எந்தெந்தச் சென்சார் எந்தக் கிளையில் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், வயரிங் வரைபடம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

14 அக்டோபர், இரவு 11.15

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன், ஏனெனில் மேலே சொன்னதை யாராவது தவறாகப் புரிந்துகொண்டு என்ஜினை இழந்துவிடக் கூடாது. "100" என்ற எண்ணுடன் 3 அல்லது 4 வந்தால் அது மின்சுற்றுப் பிழை. அதே "100" உடன் 1 அல்லது 18 வந்தால் கதை வேறு: சுற்று சரியாக இருக்கிறது, சென்சார் தன் வேலையைச் செய்கிறது, ஆயில் பிரஷர் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்று கன்ட்ரோலர் நம்புகிறது. அப்போது அந்த நொடியே என்ஜினை நிறுத்த வேண்டும். டிப் ஸ்டிக்கைப் பார்த்து, மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்தி உண்மையான அழுத்தத்தை அளந்த பிறகுதான் மறுபடியும் சாவியைத் தொட வேண்டும். "அது சென்சார் கோளாறுதான், ஓட்டு" என்று சொல்லி ஓட்டியதில் கிராங்க் பேரிங் தேய்ந்து ஒட்டிப்போன ஓர் என்ஜினை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் எண்ணை மட்டும் படித்து இரண்டாவது எண்ணைப் படிக்காமல் விட்டதன் விலை அது.

15 அக்டோபர், காலை 6.30

வரிசையிலும் ஒரு திருத்தம். 5 வோல்ட்டை அளப்பதற்கு முன்னால் 24 வோல்ட்டை அளக்க வேண்டும். நேற்று அதைச் சொல்லாமல் நேரே சென்சாருக்குத் தாவிவிட்டேன்.

இரவு முழுவதும் நின்ற இயந்திரத்தில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்கவும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். என்ஜின் ஓடும்போது ஜோடியின் முனைகளில் 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் பேட்டரி வோல்ட் அதலபாதாளத்துக்கு இறங்கினால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோடுகள் ஒரு கூட்டமாக நினைவகத்தில் ஏறிவிடும். அவற்றைத் துரத்திக்கொண்டு போவது வீண்.

இன்னொன்று: கோடுகளை அழிப்பதற்கு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கோடு இப்போது ஆக்டிவ், எது பழையது, எத்தனை முறை வந்தது, எந்த மணிக்கணக்கில் வந்தது என்பவற்றை மானிட்டரின் சர்வீஸ் பக்கத்திலிருந்து படம் எடுத்து வைத்தாலே போதும். அழித்த பிறகு கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதலில் வந்த கோடு எது என்பதுதான் பெரும்பாலும் வழிகாட்டி.

15 அக்டோபர், பிற்பகல்

ஒருவர் தம் "ஹிட்டாச்சியில்" வந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டிருக்கிறார். நம் பக்கம் எல்லா எக்ஸ்கவேட்டரும் ஹிட்டாச்சிதான். பழைய ஆட்களுக்கு எல்லாமே பொக்லைன், அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் என்பதுகூட மறந்துபோய்விட்டது. பேச்சுக்கு அது சரி. கோடு பார்க்கும்போது அது ஆபத்து, ஏனெனில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண் முறை வேறு. எஸ்பிஎன் 3509 எஃப்எம்ஐ 4 என்பதே கம்மின்ஸ் என்ஜினில் 352 என்று வரும். கோமட்சு மானிட்டரில் சிஏ352 என்று வரும். மூன்றும் ஒரே செய்திதான். வேறொரு நிறுவனத்தின் அட்டவணையில் 352 என்பது எதுவாகவும் இருக்கலாம். கேட்கும்போது பெயர்ப்பலகையிலுள்ள மாடலையும் என்ஜின் மாடலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

16 அக்டோபர், இரவு

கேள்வி கேட்டவர் அளந்து அனுப்பியிருக்கிறார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. அளந்து எழுதுபவர்கள் குறைவு. பேட்டரிகள் 12.61, 12.58. சார்ஜிங் 28.1. ஆயில் பிரஷர் கப்ளரில் 4.98 வோல்ட். எல்லாச் சென்சார்களையும் மாட்டிய பிறகும் அதே 4.98. கோடுகளை அழித்துவிட்டு ஓட்டியிருக்கிறார். பக்கெட் வேலை செய்தவரை ஒன்றும் வரவில்லை. பிரேக்கரை மாட்டி அரை மணி நேரம் அடித்த பிறகு மூன்றும் ஒன்றாக வந்துவிட்டன.

இதிலிருந்து தெரிவது, கன்ட்ரோலருக்குள் இருக்கும் 5 வோல்ட் பகுதி செத்துப்போகவில்லை. செத்திருந்தால் 4.98 வராது. கோளாறு வந்து போகிறது. அதுவும் சூடும் அதிர்வும் சேரும்போது வருகிறது. நான் என்ஜின் ஹார்னஸைத்தான் சந்தேகிக்கிறேன். எலி கடித்திருக்கலாம் என்பது என் முதல் ஊகம். மழைக்காலத்தில் நின்ற இயந்திரத்தின் பானெட்டுக்குள் எலி கூடு கட்டுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மீட்டரில் மின்-மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவைப் பதிந்து வைக்கும்) என்ற வசதி இருந்தால் அதை ஆன் செய்து, மீட்டரைக் கப்ளருக்குப் பின்புறமாகக் கோத்து வையுங்கள். சாதாரண நிலையில் மீட்டரின் திரை மெதுவாகத்தான் மாறும். கண் இமைக்கும் நேரத்தில் வோல்ட் விழுந்து எழுந்தால் அதைக் காட்டாது, ஆனால் கன்ட்ரோலர் பார்த்துவிடும். பிறகு ஒருவர் ஹார்னஸைக் கையளவு கையளவாகப் பிடித்து ஆட்டிக்கொண்டு வர வேண்டும், மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

2016இல் கரூர் பக்கம் ஒரு கிரஷரில் இதே வகைச் சிக்கல் எனக்கு மூன்று நாள் பிடித்தது. நின்ற இடத்தில் எல்லாம் சரி. லாரிக்கு லோடு போடும்போது மட்டும் கூலன்ட் வெப்பக் கோடு வரும். லோடு ஏறும்போது என்ஜின் தன் மவுன்டிங் ரப்பர்களின் மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வில், ரப்பர் விழுந்துபோன ஒரு கிளாம்பின் விளிம்பு ஒயரைத் தொட்டது. செம்பு தெரிந்த இடம் ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. நான் அதற்குள் சென்சாரை மாற்றிவிட்டிருந்தேன். அந்த முதலாளியிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

17 அக்டோபர்

கூலன்ட் சென்சார் என்று சொன்னதும் பலர் கேட்டதால், இரண்டு ஒயர் வெப்பச் சென்சாருக்கு ஒரு நல்ல சோதனை. அது சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. கப்ளரைக் கழற்றினால் சுற்று ஓபன். சிக்னல் பின் 5 வோல்ட்டுக்கு ஏறும். கோடு "110, 3" என்று வர வேண்டும். ஹார்னஸ் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு சிறு ஒயரால் இணைத்தால் வோல்ட் கீழே விழும். கோடு "110, 4" என்று மாற வேண்டும். இப்படி மாறினால் ஒயரும் கன்ட்ரோலரும் நலம், குறை சென்சாரில். மாறவில்லை என்றால் சென்சாரைத் தொடவே வேண்டாம். மூன்று ஒயர் சென்சாரில் இந்த இணைப்பைச் செய்யாதீர்கள். தவறான இரண்டு பின்களைச் சேர்த்தால் நாமே 5 வோல்ட்டை எர்த் செய்துவிடுவோம்.

17 அக்டோபர், சற்றுப் பிறகு

ஒருவர் டெஸ்ட் விளக்கைக் கொண்டு 5 வோல்ட் ஒயரைச் சோதித்ததாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். கன்ட்ரோலரின் 5 வோல்ட் கிளை சென்சார்களுக்குத் தேவையான மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. 24 வோல்ட், 21 வாட் விளக்கு ஏறக்குறைய 0.9 ஆம்பியர் எடுப்பது. அதன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை இன்னும் குறைவு. அதை அங்கே மாட்டுவது, நலமாக இருக்கும் ஈசிஎம்மை நம் கையாலேயே கெடுக்கும் வழி.

விளக்குக்கு இடம் 24 வோல்ட் பக்கம்தான், அங்கே அது மீட்டரைவிட உண்மை பேசும். பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும், ஏனெனில் மீட்டர் மின்னோட்டமே எடுப்பதில்லை. ஃபியூஸிலிருந்து வரும் அந்த ஒயரைக் கப்ளரிலிருந்து தனியாக்கி, ஒரு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். மங்கினால் விஷயம் வெளிவந்துவிடும்.

18 அக்டோபர்

கேள்வி கேட்டவர் கூடுதலாக ஒரு செய்தி சொன்னார்: கோடு வருவதற்குச் சில நாள் முன்னால் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைத்தார்களாம், பேட்டரியைக் கழற்றவில்லை, வெல்டிங் எர்த்தை டிராக் செயினில் கடித்துவிட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கெட்டில் வெல்டிங், எர்த் டிராக்கில் என்றால், அந்த மின்னோட்டம் பின்கள், புஷ்கள், பூம், ஸ்விங் பேரிங் என்று இயந்திரம் முழுவதும் நடந்துதான் செல்ல வேண்டும். வழியில் எங்கே தடை அதிகமோ அங்கே ஹார்னஸின் எர்த் ஒயரைக் குறுக்குவழியாக எடுத்துக்கொள்ளும். வெல்டிங்குக்கு முன்னால் கட்-ஆஃப் ஸ்விட்சை ஆஃப் செய்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, கையேடு சொன்னால் கன்ட்ரோலர்களின் கப்ளர்களையும் கழற்றி, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் அதே இரும்பில், முடிந்தவரை பக்கத்திலேயே கடிக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஆகவே ஈசிஎம் அடிபட்டிருக்கலாம் என்று மெக்கானிக் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. அவரைப் பற்றி நான் முதலில் அவசரப்பட்டு மனத்தில் நினைத்ததை இங்கே திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் 4.98 வோல்ட் என்ற அளவு இன்னும் ஈசிஎம்முக்குச் சாதகமாகவே நிற்கிறது. முதலில் எர்த் பாதையைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மீதே வைத்து (கேபிளின் முனையிலுள்ள லக் என்ற உலோக மாட்டியின் மீது அல்ல), மறு முனையை என்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்தப் பாதையில் துருவோ, பெயின்ட்டோ, தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது. நிறுத்திய இயந்திரத்தில் ஓம் அளந்து "கன்டினியூட்டி இருக்கிறது" என்று சொல்வது இந்தக் கேபிளுக்குப் போதாது.

19 அக்டோபர்

எர்த் பாதை 0.2 வோல்ட் மட்டுமே. நல்லது.

இடையில் வேறொருவர் தம் இயந்திரத்தில் எஸ்பிஎன் 639 வருகிறது, மானிட்டர் அவ்வப்போது இருண்டு போகிறது என்கிறார். 639 என்பது ஜே1939 தகவல் தொடர்பு பற்றியது. கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வழி, இரண்டு ஒயர்கள் முறுக்கிய ஜோடி. இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக அமைவதால், கண்டறியும் கப்ளரில் கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் இடையே 60 ஓம் அளவில் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடியில் தடை இல்லை, அல்லது வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது தடையைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொண்டன. இதைக் கட்-ஆஃப் ஸ்விட்சை ஆஃப் செய்த பிறகுதான் அளக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

சாவி ஆன் நிலையில் இரண்டு ஒயர்களையும் எர்த்துக்கு எதிராக வோல்ட்டில் அளந்தால் இரண்டுமே 2.5ஐ ஒட்டி இருக்கும். ஹை சற்று மேலே, லோ சற்றுக் கீழே. ஒன்று 24 வோல்ட்டையோ பூஜ்யத்தையோ காட்டினால் அது எங்கோ தொட்டுவிட்டது. பழுதுபார்க்கும்போது முறுக்கைப் பிரித்து இரண்டு நேர் ஒயர்களாக ஓட்டிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த முறுக்கு அழகுக்கு இல்லை. ஆல்டர்னேட்டரும் சோலனாய்டும் கிளப்பும் இரைச்சல் இரண்டு ஒயர்களிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவே அது இருக்கிறது.

22 அக்டோபர்

கிடைத்துவிட்டது.

எலி இல்லை, என் ஊகம் தவறு. ஈசிஎம்மும் இல்லை. ஹைட்ராலிக் பம்ப் பக்கம், என்ஜின் ஹார்னஸின் ஒரு கிளையை முன்பு யாரோ பிளாஸ்டிக் டையால் பிரஷர் ஹோஸோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் அது தனிக் கிளாம்பில் இருந்திருக்கும். கிளாம்ப் உடைந்தபோது அருகில் கிடைத்த ஹோஸைத் தூணாகப் பயன்படுத்திவிட்டார்கள். பக்கெட் வேலையில் அந்த ஹோஸ் அவ்வளவாக அசைவதில்லை. பிரேக்கர் அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் எண்ணெய் அழுத்தம் துடிக்கிறது. ஹோஸும் அதனோடு துடிக்கிறது. அதில் கட்டிய ஒயர் பக்கத்திலிருந்த பிராக்கெட்டின் விளிம்பில் அறுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. சூட்டில் ஒயரின் மேலுறை இளகியதும் 5 வோல்ட் ஒயரின் செம்பு பிராக்கெட்டைத் தொட்டது. அரை மணி நேரக் கணக்கு அதனால்தான். கேள்வி கேட்டவரே, டையை வெட்டி ஒயரைத் திருப்பிப் பார்த்தபோது கண்டுபிடித்தார். அவர் அனுப்பிய படத்தில் செம்பு பளபளவென்று தெரிகிறது.

பழுதுபார்த்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். காயம்பட்ட இடத்தை வெட்டி, அதே தடிமனுள்ள ஒயர்த் துண்டை கிரிம்ப் ஸ்லீவால் இணைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்கை மூடிச் சுருக்கினார்கள். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது என்ஜின் அறையில் நிற்காது. சூட்டிலும் டீசலிலும் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும். பிறகு ரப்பர் உள்ள பி-கிளாம்ப் ஒன்றால் ஹார்னஸைச் சட்டத்தில் பொருத்தி, ஹோஸிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

23 அக்டோபர்

சோலனாய்டு கோடுகளுக்கும் இதே சிந்தனை பொருந்துமா என்று ஒரு கேள்வி. பாதி பொருந்தும். பம்ப்பின் புரொபோர்ஷனல் சோலனாய்டில் (மின்னோட்டத்தின் அளவுக்கேற்ப வால்வை நகர்த்தும் மின்காந்தம்) எஃப்எம்ஐ 5 வந்தால் காயிலோ ஒயரோ ஓபன். 6 வந்தால் எர்த். காயிலின் தடையைக் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள், குளிர்ந்தபோது ஒரு முறை, சூடானபோது ஒரு முறை. செம்பு சூடேறினால் தடை சற்றுக் கூடுவது இயல்பு. பக்கத்தில் அதே வகைக் காயில் இருந்தால் கப்ளர்களை இடம் மாற்றாமல் காயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். கோடு காயிலோடு போனால் காயில், இருந்த இடத்திலேயே நின்றால் ஒயர். ஆனால் கோடே இல்லாமல் பூம் மெதுவாக எழுந்தால், கன்ட்ரோலர் அனுப்பும் மின்னோட்டம் சரியாகவே போகிறது என்று கொண்டு, பைலட் அழுத்தத்தை (முதன்மை வால்வுகளை நகர்த்தும் சிறு எண்ணெய் அழுத்தத்தை) கேஜால் அளக்கப் போங்கள். ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு) ஒட்டிக்கொண்டதை எந்த ஃபால்ட் கோடும் நேராகச் சொல்லாது.

9 டிசம்பர்

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி: பிரேக்கரோடு 200 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது, மூன்று கோடுகளில் ஒன்றும் திரும்பவில்லை. முதலில் கழற்றி எறிய வைத்திருந்த பழைய ஆயில் பிரஷர் சென்சாரையே மறுபடியும் மாட்டி ஓட்டுகிறார். அது நலமாகத்தான் இருந்திருக்கிறது. புதிதாக வாங்கிய இரண்டும் ஸ்பேர். நான் கேட்டுக்கொண்டபடி, நலமாக இருக்கும்போதைய அளவுகளை (பேட்டரி, சார்ஜிங், 5 வோல்ட் கிளை, கேன் 60 ஓம், எர்த் இழப்பு 0.2) பெயின்ட் மார்க்கரால் கேபின் கதவின் உட்புறம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்.